பேரிமரத்து நீதிதேவதை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: பேரரசின் சுதந்திர நகரங்களுக்குள் அளவில் கடைசிக்கு முந்தையதும், கௌரவத்தில் எவருக்கும் சளைக்காததுமாகிய லாம்ஸ்பிரோன் மாநகரம், ஆயிரத்து ஐந்நூற்று முப்பத்தொன்றாம் ஆண்டு நவம்பர் மாதத்துப் புனித மார்ட்டின் திருநாளன்று, உலகம் இதுவரை கண்டிராத தண்டனைச் சட்டப் புத்தகம் ஒன்றை வெளியிடப்போகிறது. அதன் முகப்பில் நீதிதேவதையின் திருவுருவம் மரச்செதுக்குப் படமாக அச்சாகும். அதைக் கண்ட மாத்திரத்தில் திருடன் திருந்துவான், பொய்யன் ஊமையாவான், புறம் பேசும் பெண்கள் ஜெபமாலையை எடுப்பார்கள்.

இதை நகரத் தலைவர் ஸெபால்ட் வின்க்லர் தம் கைப்பட எழுதியிருந்தார். அப்போது லாம்ஸ்பிரோனில் பெயர் சொல்லும்படியான திருடர்கள் இரண்டே பேர். ஒருவன் வாதம் வந்து படுத்த படுக்கையாய்க் கிடந்தான். மற்றவன், முரசடித்து இந்த அறிவிப்பை வாசித்த ஹைன்ட்ஸ். வாசித்துவிட்டு அவன் போன வழியில் ரொட்டிக்கடைப் பலகையில் ஒரு ரொட்டி குறைந்தது. படம் இன்னும் அச்சாகவில்லை என்பதால் அவனைக் குற்றம் சொல்வதற்கில்லை.

படத்தைச் செதுக்கும் பொறுப்பு எண்ட்ரஸ் கோலருக்கு வந்தது. பேரரசெங்குமுள்ள கலைஞர்களைச் சீர்தூக்கிப் பார்த்து அவனைத் தேர்ந்தெடுத்ததாகச் சபைக் குறிப்பு சொல்கிறது. ஊரில் அச்சுக்கட்டை செதுக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பதைக் குறிப்பு சொல்லவில்லை. எண்ட்ரஸுக்கு வயது நாற்பத்தாறு. புனிதர்கள், சீட்டுக்கட்டு ராஜாக்கள், எந்த நாளில் எந்த நரம்பில் இரத்தம் எடுக்கலாம் என்று காட்டும் பஞ்சாங்கத்து அம்மண மனிதர்கள், இரண்டு தலையோடு பிறந்த கன்றுக்குட்டி என்று சந்தையில் எது விலைபோகுமோ அதையெல்லாம் இருபது வருஷமாகச் செதுக்கிவந்தான். கட்டையில் இடது வலதாக மாறியிருந்தால்தான் தாளில் சரியாக விழும் என்பதால், எதையும் புரட்டிப் பார்த்தே பழகியவன். நகரசபையின் தீர்ப்புகளை விளங்கிக்கொள்ள அந்தப் பழக்கம் அவனுக்கு நிறையவே உதவியது.

இந்த வேலையில் அவனுக்குக் கூலியைவிடப் பெரிதாக ஒன்று வேண்டியிருந்தது. அது அவன் மனைவி ஒட்டிலியாவின் கழுத்து.

நடந்தது இதுதான். அக்டோபரில் ஒரு புதன்கிழமைச் சந்தையில் ஒட்டிலியா ஒரு கொழுத்த வாத்தின் காலைப் பிடித்தாள். அதே நேரத்தில் அதே வாத்தின் கழுத்தை ஃபெலிசிடாஸ் என்ற சீமாட்டி பிடித்தாள். ஃபெலிசிடாஸ் நகரத் தலைவரின் மனைவிக்குத் தங்கை. "விடு, இது என்னோடது" என்றாள் ஃபெலிசிடாஸ். "நீ பிடிச்சிருக்கிறது வாத்தா, இல்ல கண்ணாடியா? மூஞ்சிக்கு மூஞ்சி அப்படியே இருக்கே" என்றாள் ஒட்டிலியா. சந்தை சிரித்தது. ஃபெலிசிடாஸ் வாத்தைப் பிடுங்கி, அந்த வாத்தாலேயே ஒட்டிலியாவின் தலையில் ஓங்கி ஒரு போடு போட்டாள். சந்தை இன்னும் பலமாகச் சிரித்தது.

வழக்கு சபைக்குப் போயிற்று. ஒட்டிலியாவின் வாய் குற்றமுள்ளது என்றும், வாத்து தன் பாரத்தால் தானே சாய்ந்தது என்றும் சபை கண்டறிந்தது. சாட்சிப் பொருளான வாத்தைச் சபையே பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. மறுநாள் பகல் உணவுக்குப் பிறகு அந்தச் சாட்சியைக் காணவில்லை. தண்டனை, கல் சுமப்பது. வாய்ச்சண்டை போடும் பெண்களுக்கென்று அந்த ஊரில் ஒரு கல் உண்டு. நாக்கை நீட்டிய இரண்டு பெண்தலைகளை அதில் கொத்தி வைத்திருந்தார்கள். அதைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முன்னால் முரசு அடிக்க, மேலைவாசலிலிருந்து கீழைவாசல் வரை நடக்க வேண்டும். பழைய வழக்கப்படி சண்டையிட்ட இருவரும் பாதிப் பாதி வழி சுமக்க வேண்டும். இரண்டு தலை கொத்தியிருப்பதே அதற்காகத்தான். ஆனால் ஒட்டிலியா மட்டும், மார்ட்டின் திருநாளன்று, புத்தக வெளியீடு முடிந்த கையோடு சுமப்பது என்று தீர்ப்பாயிற்று. வெளியூர்க் கூட்டம் நிறைய வரும் நாள்.

"தூக்கச் சொல்லு, தூக்குறேன்" என்றாள் ஒட்டிலியா, அடுப்பில் பட்டாணிக் கூழைக் கிளறிக்கொண்டே. "நான் தினம் தூக்குற தண்ணி வாளி அதைவிடக் கனம். ஆனா ஒத்தையில தூக்க மாட்டேன். அவளும் வரணும்."

"அவ தலைவரோட கொழுந்தியா, ஒட்டிலி."

"அதனால அவளுக்குக் கழுத்து இல்லாமப் போச்சா?"

"படம் நல்லா அமையட்டும். தலைவர் குளிர்ந்துபோயிருக்கிற நேரமாப் பார்த்துக் கேக்கறேன். தண்டனையை நீக்கிடுவார்."

"கேளு மனுஷா. ஆனா கால்ல விழுந்து கேக்காதே. உனக்கு முட்டி வலி."

படம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்யச் சபை கூடியது. சபையில் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் ஒரு தொழிலின் தலைவர். நீதியின் தத்துவத்தைப் பற்றி அரை நாள் விவாதம் நடந்தது.

"கயிறு முன்னாடி தெரியணும்" என்றார் கயிறு திரிப்போர் தலைவர். "மூணு புரி. எண்ணிப் பார்க்கிற மாதிரி. நம்ம கயிறு அறுந்ததே இல்ல, தொங்கினவங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் குறை சொன்னதில்ல."

"வாள் இல்லாம என்ன நீதி?" என்றார் கொல்லர் தலைவர். "கைப்பிடியில நம்ம முத்திரையைப் போட்டுடு."

சக்கரம் செய்கிறவர், உடல் முறிக்கும் சக்கரத்துக்குப் பத்து ஆரக்கால் கேட்டார். எட்டு போட்டால் வெளியூரில் மட்டமாக நினைப்பார்களாம். பீப்பாய் செய்கிறவர், கள்ள நாணயம் அடித்தவனை வேகவைக்கும் தொட்டியைக் கேட்டார். துடைப்பம் கட்டுகிறவர் குற்றவாளியை அடிக்கும் குச்சிக் கட்டைக் கேட்டார். ரொட்டிக்காரர்கள் தலைவர் மட்டும் எதையும் கேட்கவில்லை. எடை குறைத்த ரொட்டிக்காரனை ஆற்றில் முக்கியெடுக்கும் கூண்டு மட்டும் படத்தில் வர வேண்டாம் என்று தயவாகச் சொன்னார். "அழகா இருக்காது" என்றார்.

"தராசு அவசியம் வேணுமா?" என்று கேட்டார் மளிகை வியாபாரிகள் தலைவர். எல்லோரும் திரும்பி அவரைப் பார்க்கவே, "இல்ல, சும்மா கேட்டேன்" என்றார்.

எல்லாவற்றையும் எண்ட்ரஸ் வரைந்தான். கயிறு, வாள், தராசு, சக்கரம், தொட்டி, குச்சிக் கட்டு, காதறுக்கும் கத்தரி, தூக்குமரம், ஏணி, ஒரு ஓரத்தில் நாக்கு நீட்டிய கல். நடுவில் மிச்சமிருந்த இடத்தில் நீதிதேவதை நின்றாள். பழைய இரும்பு விற்கிறவள், வியாபாரம் படியாத நாளில் நிற்பது போல நின்றாள்.

பேரிமரக் கட்டை நல்ல கட்டை. முடிச்சில்லாதது, மூன்று வருஷம் நிழலில் உலர்ந்தது. பதினெட்டு நாள் செதுக்கினான். முகத்தைக் கடைசிக்கு வைத்திருந்தான். அது அவன் வழக்கம். கை நன்றாகப் பழகிய பிறகுதான் கண்ணைத் தொடுவான். வரைந்த கோட்டை நிற்கவிட்டு, அதன் இரு பக்கமும் மரத்தைச் சீவி எடுக்கிற வேலை. நிற்கிற மரம் தாளில் கறுப்பாக விழும், சீவி எடுத்த இடம் வெள்ளையாகும். கண்ணிமையின் கோடு ஒரு தலைமயிர் அகலம்தான் நிற்கும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்ய வேண்டும்.

பதினெட்டாம் நாள் மத்தியானம் மூச்சை அடக்கிக்கொண்டு இடது கண்ணை முடித்தான். வலது கண்ணின் மேல் இமையில் கத்தியை வைத்தான். சரியாக அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்குக் கீழே ஹைன்ட்ஸ் முரசை எடுத்து ஓங்கி அடித்தான். மார்ட்டின் திருநாள் ஊர்வலத்துக்கு ஒத்திகை.

கத்தி வழுக்கியது. வலது கண்ணில் புறப்பட்டு, மூக்குத் தண்டைத் தாண்டி, இடது கண்ணையும் வாரிக்கொண்டு காதருகே போய் நின்றது.

எண்ட்ரஸ் கொஞ்ச நேரம் கட்டையைப் பார்த்தான். பிறகு ஜன்னலைத் திறந்தான்.

"என்ன அண்ணே, அடி சரியா விழுதா?" என்றான் ஹைன்ட்ஸ் கீழேயிருந்து. "அண்ணியோட நடைக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் வேகமா வச்சிருக்கேன்."

"நல்லா விழுது" என்றான் எண்ட்ரஸ். ஜன்னலைச் சாத்தினான்.

ஒரு கோடு உடைந்தால் அந்த இடத்தைக் குடைந்து புது மரத்துண்டு இறக்கி, பசை காய்ந்ததும் மறுபடி செதுக்கலாம். இது ஒரு கோடல்ல, பாதி முகம். பசை காய இரண்டு நாள் வேண்டும். மறுநாள் காலை சபை படத்தைப் பார்வையிடுகிறது. தள்ளிப்போடச் சொன்னால் தலைவருக்குக் கோபம் வரும். அவருக்குக் கோபம் வந்தால் கல் நிச்சயம். எண்ட்ரஸ் கத்தியை மறுபடி எடுத்தான். வழுக்கிய கோட்டுக்கு மேலும் கீழும் நேராகச் சீவி, இரண்டு கண்ணும் இருந்த இடத்தை ஒரு வெள்ளைப் பட்டையாக்கினான். காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சும் இரண்டு வால் துணியும் செதுக்கினான். ஊதிப் பார்த்தான். முடிச்சு நன்றாக வந்திருந்தது.

சாயங்காலம் அச்சுக்கூடத்து லின்ஹார்ட் வந்து கட்டைக்கு மை தடவி ஒரு மாதிரித் தாள் எடுத்தான். எண்ட்ரஸின் பால்ய நண்பன். ஒல்லி, எதற்கும் பதறுகிறவன். தாளைத் தூக்கிப் பார்த்தவன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"கண்ணக் கட்டிட்டியே."

"கத்தி வழுக்கிச்சு."

"வழுக்கினா மூக்க உடை, கைய உடை. கண்ணக் கட்டுவாங்களாடா? அஞ்சு வருஷம் முன்னாடி திருவிழாவுக்கு நாம போட்ட படம் மறந்துபோச்சா? மணித்தொப்பி போட்ட கோமாளி, நீதிதேவதைக்குப் பின்னாடி நின்னு கண்ணக் கட்டுவானே. நீதான் செதுக்கின. நான்தான் அச்சடிச்சேன். நானூறு தாள் வித்துப்போச்சு. இந்த ஊர்ல எத்தனை கக்கூஸ் சுவர் இருக்கோ அத்தனையிலயும் அது ஒட்டியிருக்கு. கண்ணு கட்டின நீதின்னா கோமாளி நடத்துற நீதிமன்றம்னு அர்த்தம். குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"தெரியும்."

"சட்டப் புத்தகத்துல பதினேழாம் பக்கம்" என்றான் லின்ஹார்ட். "நானே எழுத்துக் கோத்தேன். நகரசபையைப் படத்தால இகழ்ந்தா, செதுக்கினவனையும் அச்சடிச்சவனையும் மூணு நாள் சந்தைத் தூணுல கட்டணும், கழுத்துல அந்தப் படத்தையே தொங்கவிட்டு. அதுல ரெண்டு எழுத்துப் பிழைகூட இருக்கு, திருத்தணும்னு நினைச்சேன்."

"திருத்தாதே. ஒருவேளை செல்லாமப் போகலாம்."

உள்ளேயிருந்து வந்த ஒட்டிலியா தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கயிறு, சக்கரம், தொட்டி எதையும் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள்.

"பாவம்" என்றாள். "ஆனா லாம்ஸ்பிரோன் நீதிக்கு இவ்வளவு ஜாடை ஒத்த படத்தை நான் பார்த்ததில்ல." மூவரும் சிரித்தார்கள். லின்ஹார்ட் சிரித்ததுதான் கொஞ்சம் அழுகை மாதிரி இருந்தது.

மறுநாள் காலை சபை மண்டபத்தில் பெரிய மேஜைமேல் படத்தை விரித்தார்கள். பன்னிரண்டு பேரும் குனிந்தார்கள். தலைவர் வின்க்லர் தங்கச் சங்கிலியோடு நடுவில் நின்றார். அவர் பக்கத்தில் டாக்டர் கிலியன் ஸ்டாஹெல். பாதுவா பல்கலைக்கழகத்தில் ஒன்பது வருஷம் சட்டம் படித்துவிட்டு, போன வருஷம்தான் ஊருக்குச் சட்ட ஆலோசகராக வந்தவர். வந்ததிலிருந்து யாரும் அவரிடம் எந்த ஆலோசனையும் கேட்டதில்லை. திருவிழாப் படம் அச்சானபோது அவர் ஊரில் இல்லை. அவருக்குக் கக்கூஸும் சொந்தமாகக் கட்டிக்கொண்ட புதுக் கக்கூஸ்; சுவரில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

எண்ட்ரஸ் திட்டு விழக் காத்து நின்றான். அவர்கள் தேவதையின் முகத்தையே பார்க்கவில்லை என்பது அவனுக்குப் பிறகுதான் புரிந்தது. ஒவ்வொருவரும் தங்கள் சரக்கைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"மூணு புரியும் தெரியுது" என்றார் கயிற்றுக்காரர், மனம் நிறைந்து. சக்கரக்காரர் விரல் வைத்து ஆரக்கால்களை எண்ணினார். மளிகைக்காரர் தராசைத் தலைசாய்த்துப் பார்த்தார். தேட ஒன்றுமில்லாதவர் ரொட்டிக்காரர் ஒருவர்தான். அதனால் அவர் கண் முகத்தில் போய் விழுந்தது.

"இந்தம்மாவுக்குக் கண்ணுல என்ன? கட்டி வந்திருக்கா?"

பன்னிரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். பன்னிரண்டு பேர் வீட்டிலும் அந்தக் கோமாளிப் படம் இருந்தது. தலைவரின் கழுத்து காலரிலிருந்து மேல் நோக்கிச் சிவக்க ஆரம்பித்தது. லின்ஹார்ட் கதவுப் பக்கம் ஒரு அடி நகர்ந்தான்.

"ஆஹா" என்றார் டாக்டர் கிலியன்.

எல்லோரும் திரும்பினார்கள். டாக்டர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளில் மூக்குப் படும்படி குனிந்திருந்தார்.

"என்ன ஆழம். ஆள் முகம் பார்க்காத நீதி. பணக்காரனா, பரதேசியா, மாமனா, மச்சானா, இவளுக்குத் தெரியாது. ஏன்னா இவ பார்க்கவே மாட்டா. குற்றத்தை மட்டும்தான் எடைபோடுவா. எகிப்தியர்கள்கூட இப்படித்தான்னு நான் பாதுவாவுல வாசிச்சிருக்கேன். அங்கே நீதிபதிகளோட சிலைகளுக்குக் கையே கிடையாது, லஞ்சம் வாங்க முடியாதபடி. கையில்லாத நீதிபதி, கண்ணில்லாத தேவதை. ஒரே தத்துவம். இங்கே இப்படி ஒரு மேதையா?"

தலைவரின் கழுத்துச் சிவப்பு பாதி வழியில் நின்றது. கோமாளிப் படத்தைச் சொன்னால், அதை வீட்டில் ஒட்டியிருப்பதையும் சொல்ல வேண்டும். மேலும் பாதுவாவில் படித்தவர் முன்னால் புரியாதவராக நிற்க அவருக்கு விருப்பமில்லை. சிவப்பு மெல்ல இறங்கியது.

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார். "பார்த்ததுமே நினைச்சேன்."

"நானும்தான்" என்றார் கொல்லர். பிறகு ஆளாளுக்கு நினைத்திருந்தார்கள். கட்டியா என்று கேட்ட ரொட்டிக்காரர், தாம் கேட்டதே சோதித்துப் பார்ப்பதற்காகத்தான் என்றார்.

"எப்படிப்பா இந்த யோசனை வந்துச்சு?" என்று கேட்டார் தலைவர்.

"கை அப்படிப் போச்சுங்க" என்றான் எண்ட்ரஸ்.

"பார்த்தீங்களா அடக்கத்தை" என்றார் டாக்டர்.

தலைவர் குளிர்ந்துபோயிருந்தார். இதைவிட நல்ல நேரம் வராது. எண்ட்ரஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மனைவியின் கல் விஷயத்தைச் சொல்லி, இந்தப் படத்தை முன்னிட்டாவது மன்னிக்க வேண்டும் என்று கேட்டான். முட்டி வலியை நினைத்துக் காலில் விழவில்லை.

தலைவர் படத்தைப் பார்த்தார். எண்ட்ரஸைப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. அவருக்கு நகைச்சுவை வருஷத்துக்கு ஒரு முறைதான் தோன்றும், தோன்றினால் விடமாட்டார்.

"ஏம்பா, இந்தம்மா கண்ணைத்தான் நீயே கட்டிட்டியே. அது உன் பெண்டாட்டின்னு இவளுக்கு எப்படித் தெரியும்?"

பன்னிரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டாக்டர் கிலியன் மட்டும் சிரிக்கவில்லை. "துல்லியமான பிரயோகம்" என்று குறித்துக்கொண்டார்.

எண்ட்ரஸ் வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். தலைவர் சொன்னதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கியது. ஒட்டிலியா கைவேலையை நிறுத்தினாள்.

"அந்தக் கடைசிய இன்னொரு தடவை சொல்லு."

சொன்னான்.

"அவர் வாயாலயே சொன்னாரா? எல்லாரும் கேட்டாங்களா?"

"பன்னிரண்டு பேரும். டாக்டர் எழுதியே வச்சுக்கிட்டார்."

"நல்லது" என்றாள் ஒட்டிலியா. அன்று அவள் கூழில் கொஞ்சம் பன்றி இறைச்சியும் போட்டாள். காரணம் கேட்டதற்குச் சும்மா என்றாள்.

மார்ட்டின் திருநாள் வந்தது. ஊரெங்கும், அந்த நாளின் வழக்கப்படி, வாத்து வறுபடும் வாசனை. சந்தைத் திடலில் வெளியூர்க் கூட்டம், புது ஒயின், சாஸேஜ் அடுப்புப் புகை. சபை மாளிகைக் கதவில் படத்தை ஒட்டியிருந்தார்கள். தலைவர் படிக்கட்டின் மேல் நின்று புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். தலைவரின் மனைவி மாடி ஜன்னலில் இருந்தாள். முன்வரிசையில் நரித்தோல் காலரோடு ஃபெலிசிடாஸ், நல்ல இடமாகப் பார்த்து நின்றிருந்தாள். கல் சுமப்பதைப் பார்க்கக் காலையிலேயே வந்து பிடித்த இடம்.

டாக்டர் கிலியன் படத்தை விளக்கினார். முக்கால் மணி நேரம் விளக்கினார். "இவளுக்கு முன்னால தலைவர்னு ஒருத்தர் கிடையாது, தெருக்கூட்டினு ஒருத்தர் கிடையாது. யாரோட தம்பி, யாரோட தங்கச்சி, இவளுக்குத் தெரியாது. இதுதான் இனி லாம்ஸ்பிரோன்." தலைவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். கூட்டமும் ஆட்டியது, அப்போதுதான் சீக்கிரம் முடியும்.

முடிந்ததும் குமாஸ்தா தீர்ப்பை வாசித்தான். ஹைன்ட்ஸ் முரசைத் தோளில் மாட்டினான். ஒட்டிலியா தானே முன்னால் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, கஞ்சி போட்ட தலைத்துணி. எண்ட்ரஸ் கூட்டத்தின் ஓரத்தில் லின்ஹார்டின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

"தலைவரே, கல்லைக் கொண்டாங்க, சுமக்கிறேன்" என்றாள். "சுமக்கறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். கேக்கலாமா?"

கூட்டத்துக்கு முன்னால் தாராளமாகத் தெரிவதில் தலைவருக்கு ஆசை உண்டு. "கேளும்மா."

"இந்தப் படத்துல இருக்கிற அம்மா யார் முகத்தையும் பார்க்க மாட்டாங்கன்னு டாக்டர் ஐயா சொன்னாரு. நான் யார் பெண்டாட்டின்னுகூட அவங்களுக்குத் தெரியாதுன்னு நீங்களே சொன்னீங்களாம். ரொம்பச் சரி. ஒரு வாத்து. ரெண்டு பக்கமும் ரெண்டு பொம்பளைங்க. ரெண்டு பேரும் கத்தினோம். கால்பக்கம் பிடிச்சவளுக்குக் கல்லு. கழுத்துப்பக்கம் பிடிச்சவளுக்கு ஒண்ணுமில்ல. கழுத்துப்பக்கம் நின்னது யாரோட கொழுந்தியான்னு கண்ணு கட்டின அம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" கொஞ்சம் நிறுத்தினாள். "ஒருவேளை கட்டு தளர்ந்திருக்கோ? என் வீட்டுக்காரர் முடிச்சுப் போடுறதுல கொஞ்சம் சோம்பேறி. இறுக்கணும்னா சொல்லுங்க, இங்கேதான் நிக்கிறாரு."

சாஸேஜ் பொரிக்கிறவன் கரண்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். பிறகு பின்வரிசையில் யாரோ ஒரு மாட்டு வியாபாரி சிரிக்க ஆரம்பித்தான்.

தலைவர் டாக்டரைப் பார்த்தார், ஏதாவது செய்யும் என்பது போல. டாக்டர் கிலியனுக்கு அந்தப் பார்வை தெரியவில்லை. ஊருக்கு வந்து ஒரு வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் அவர் பேச்சைக் கேட்டு, அதிலிருந்து கேள்வியும் கேட்டிருக்கிறார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அற்புதமான கேள்வி" என்றார். "தர்க்கப்படி பதில் ஒண்ணே ஒண்ணுதான். இருவரும் சுமக்கணும். பாதி வழி இவங்க, பாதி வழி அந்த அம்மா. கல்லுல ரெண்டு தலை கொத்தியிருக்கிறதே அதுக்குத்தான்."

"கல்லு ஃபெலிசிடாஸுக்கும்" என்று மாட்டு வியாபாரி கத்தினான். கூட்டம் பிடித்துக்கொண்டது. ஹைன்ட்ஸ் தன்னையறியாமல் இரண்டு அடி அடித்தான்.

"அத்தான்" என்றாள் ஃபெலிசிடாஸ். "மரம் மாதிரி நிக்கிறீங்களே அத்தான். அக்கா, இவரைப் பாருக்கா."

தலைவர் அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தார். அங்கே அவர் மனைவி இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கதவில் இருந்த தேவதைக்கு எதுவும் தெரியாது. ஜன்னலில் இருந்தவளுக்கு எல்லாம் தெரியும். தலைவர் நேரம் வாங்குவதற்காக, "முதல்ல கல்லைக் கொண்டா" என்று குமாஸ்தாவை உள்ளே விரட்டினார்.

குமாஸ்தா போனான். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் கல் இல்லை. தலைவரின் காதில் ஏதோ சொன்னான். தலைவர் திகைத்து, மறுபடி சொல்லச் சொன்னார். அவன் மறுபடி சொன்னான். தலைவரின் முகம், வறட்சியில் மேகத்தைக் கண்டவனின் முகம்போல் மெதுவாக மலர்ந்தது.

"லாம்ஸ்பிரோன் பெருமக்களே" என்றார், இரண்டு கையையும் விரித்து. "நீதிக்கு முன் இருவரும் சமம். ஆகவே கருணைக்கு முன்னும் இருவரும் சமம். இந்தத் திருநாளில், ஆழ்ந்து ஆலோசித்து, இருவர் கழுத்திலிருந்தும் கல்லை இறக்கிவிட்டோம். இனி எந்தக் கழுத்திலும் அது ஏறாது."

கூட்டத்துக்கு ஏமாற்றம். நல்ல வேடிக்கை ஒன்று கைநழுவிப் போயிற்று. ஆனால் ஒயின் இருந்தது. கருணைக்காக ஒரு தரம் குடித்தார்கள், சமத்துவத்துக்காக ஒரு தரம். ஹைன்ட்ஸ், பழகிய அடி வீணாக வேண்டாமென்று, சும்மாவே மேலைவாசலிலிருந்து கீழைவாசல் வரை முரசடித்துக்கொண்டு போனான். அவன் போன வழியில் சில சாஸேஜ்கள் குறைந்தன. படத்தை அவன் அன்று காலையிலேயே பார்த்திருந்தான்.

எண்ட்ரஸும் ஒட்டிலியாவும் லின்ஹார்டும் வீட்டில் வாத்து சாப்பிட்டார்கள். இந்த முறை யாரும் மறுபக்கம் பிடிக்கவில்லை. "முடிச்சு நல்லாத்தான் போட்டிருக்க, மனுஷா" என்றாள் ஒட்டிலியா, அவன் தட்டில் தொடையை வைத்தபடி. எண்ட்ரஸுக்கு அந்த ஒரு வார்த்தை பன்னிரண்டு பேர் பாராட்டியதைவிடப் பெரிதாக இருந்தது. தொடையும் பெரிதாகவே இருந்தது.

அடுத்த வசந்தத்துக்குள் சுற்றுப்பட்ட மூன்று ஊர்களிலிருந்து கண் கட்டிய நீதிதேவதை கேட்டு ஆள் வந்தது. எண்ட்ரஸ் செதுக்கிக்கொடுத்தான். கண் செதுக்க வேண்டாத முகம் என்பதால் நான்கு நாள் மிச்சமாயிற்று. டாக்டர் கிலியன் அந்தக் கண்கட்டின் உட்பொருள் குறித்து லத்தீனில் அறுபது பக்கம் எழுதி, லின்ஹார்டிடம் அச்சுக்குக் கொடுத்தார். அதன் கடைசி அத்தியாயம் முழுக்க, தலைவர் அன்று ஆழ்ந்து ஆலோசித்துக் கல்லை இறக்கிவைத்ததைப் பற்றியது. தண்டனை கருணையின் காலடியில் தலைசாய்த்த அந்தக் கல் இன்றும் சபை மாளிகைக்குள் அமைதியில் உறைகிறது என்று அது முடிகிறது.

கல், சபை மாளிகைச் சமையலறையில், புளிக்கப்போட்ட முட்டைக்கோஸ் பீப்பாயின் மேல் பாரமாக இருந்தது. எடுத்தால் கோஸ் கெட்டுப்போகும் என்று சமையல்காரி அன்று குமாஸ்தாவிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.